டைவர்ட்: திருப்பிவிடுவதற்கான ஆங்கிலச் சொல்லை முழுசாகப் பழகிக்கொள்ள ஒரு வழிகாட்டி

பாலம் கட்டுகிற இடம், பாதாளச் சாக்கடைக்குத் தோண்டுகிற தெரு, தேர் இழுக்கிற நான்கு வீதி, எங்கே போனாலும் ‘டேக் டைவர்ஷன்’ என்று ஒரு பலகை நிற்கும். அதைப் படித்து வண்டியைத் திருப்பாதவர் யாரும் இல்லை. ஆனால் அதே சொல்லை வினைச்சொல்லாக வைத்து ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுதச் சொன்னால் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள். ‘ஐ வாஸ் டைவர்ட்டட் பை த நாய்ஸ்’ என்று எழுதுகிறார்கள், ‘த ஆக்சிடென்ட் வாஸ் டைவர்ட்டட்’ என்று எழுதுகிறார்கள், ‘டோன்ட் டைவர்ட் ஃப்ரம் த டாபிக்’ என்றும் எழுதுகிறார்கள். மூன்றுமே பிசகு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமான பிசகு. எங்கே பிசகுகிறது என்று புரிந்துவிட்டால் இந்தச் சொல்லோடு சேர்த்து அதன் சொந்தக்காரச் சொற்கள் ஏழெட்டும் பிடிபட்டுவிடும். அதனால்தான் அகராதியில் நான்கு வரியில் முடிகிற விஷயத்தை இங்கே நீட்டி எழுதுகிறேன். ஒரே மூச்சில் படிக்க வேண்டியதில்லை, படிப்படியாகப் போகலாம்.

முதல் படி: மடையை மனதில் வையுங்கள்

பொருளை மனப்பாடம் செய்வதற்கு முன்னால் ஒரு காட்சி வேண்டும். அந்தக் காட்சி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த வயலுக்குப் பாய்ந்தது போதும் என்றதும் மண்வெட்டியால் நாலு வெட்டு மண்ணைப் போட்டு இந்த மடையை அடைத்து, பக்கத்து மடையைத் திறந்துவிடுகிறார்கள். தண்ணீர் நின்றுவிடவில்லை. குறையவும் இல்லை. போகிற இடம் மட்டும் மாறிவிட்டது. இதற்குத் தமிழில் மடைமாற்றுதல் என்று பெயர், ஆங்கிலத்தில் டைவர்ட் என்று பெயர். ஒரு திட்டத்துக்கு ஒதுக்கிய பணத்தை வேறு எதற்கோ செலவு செய்துவிட்டால் ‘நிதியை மடைமாற்றிவிட்டார்கள்’ என்று நம் பத்திரிகைகள் எழுதுகின்றனவே, ஆங்கிலப் பத்திரிகைகள் அதே இடத்தில் டைவர்ட் என்ற சொல்லைத்தான் போடுகின்றன. இரண்டு மொழியும் ஒரே படத்தைப் பார்த்துத்தான் பேசுகின்றன.

இந்தப் படத்துக்குள் மூன்று விஷயம் இருக்கிறது. ஏற்கெனவே ஒரு போக்கு இருக்கிறது. யாரோ ஒருவர் அல்லது ஏதோ ஒரு காரணம் அதைத் திருப்புகிறது. திரும்பியது வேறொரு பக்கம் தொடர்ந்து போகிறது. மூன்றும் இருந்தால் டைவர்ட் பொருந்தும், ஒன்று இல்லாவிட்டாலும் வேறு சொல்லைத் தேட வேண்டும். விபத்து எங்கேயும் ‘ஓடிக்கொண்டு’ இருக்கவில்லை, இன்னொரு பக்கம் போய் நடக்கவும் இல்லை. அதனால் விபத்தை டைவர்ட் செய்ய முடியாது. இந்த ஒரு சோதனையை மட்டும் பிடித்துக்கொண்டாலே பெரும்பாலான தவறுகள் தானாக உதிர்ந்துவிடும்.

சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தாலும் இதே படம்தான். லத்தீனில் ‘வெர்ட்டெரே’ என்றால் திருப்புவது. முன்னால் ஒட்டியிருக்கும் ‘டி’ என்ற துண்டு ‘விலகி, பக்கவாட்டில்’ என்று சொல்கிறது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது.

இரண்டாம் படி: வாய்க்கும் கைக்கும் பழக்கம்

எழுத்து டி, ஐ, வி, இ, ஆர், டி. ஆறே எழுத்து. அழுத்தம் இரண்டாவது அசையில் விழ வேண்டும்: டை-வர்ட், ‘வர்ட்’ ஓங்கி ஒலிக்கட்டும். நம் ஊரில் முதல் அசையை அழுத்தி ‘டைவட்டு’ என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது, அதை மட்டும் கவனியுங்கள். பிரிட்டனில் ‘டை’ என்றுதான் அதிகம் தொடங்குகிறார்கள், அமெரிக்காவில் ‘டி’ என்று குறுக்கிச் சொல்வது வழக்கம். எதுவும் தப்பில்லை. பெயர்ச்சொல்லான டைவர்ஷன் மட்டும் அமெரிக்க வாயில் கொஞ்சம் மாறும். ‘டெலிவிஷன்’ என்று அவர்கள் சொல்லும்போது கடைசியில் ஒரு அதிர்வுள்ள ஒலி கேட்குமே, அதே ஒலி இங்கேயும் வரும்.

இறந்த காலத்துக்கு ‘இ, டி’ சேர்த்தால் போதும், கடைசி டி-யை இரட்டிக்க வேண்டாம். ‘பெர்மிட்’ என்ற சொல்லுக்கு இரட்டிக்கிறோமே என்று கேட்கலாம். அதில் கடைசி மெய்க்கு முன்னால் உயிர் இருக்கிறது, இதிலோ ஆர், டி என்று இரண்டு மெய் அடுத்தடுத்து நிற்கிறது. அதனால் இரட்டிக்காது.

மூன்றாம் படி: திருப்பு, திரும்பு

தமிழில் பள்ளியில் படித்த தன்வினை, பிறவினை இங்கே கைகொடுக்கும். வண்டி திரும்பியது, வண்டியைத் திருப்பினான். முதலாவது தானாக நடப்பது, இரண்டாவது ஒருவர் செய்விப்பது. டைவர்ட் அடிப்படையில் ‘திருப்பு’ பக்கத்துச் சொல். யார் திருப்பினார், எதைத் திருப்பினார் என்று இரண்டையும் கேட்கும். ‘த போலீஸ் டைவர்ட்டட் த டிராஃபிக்’ என்றால் சரி. யார் திருப்பினார் என்பது முக்கியமில்லை என்றால் செயப்பாட்டு வினையாகப் போடலாம்: ‘டிராஃபிக் வாஸ் டைவர்ட்டட்’.

‘டோன்ட் டைவர்ட் ஃப்ரம் த டாபிக்’ ஏன் பிசகுகிறது என்று இப்போது தெரியும். ‘விலகாதே’ என்று தன்வினை வர வேண்டிய இடத்தில் பிறவினையைப் போட்டிருக்கிறோம். எதைத் திருப்பாதே என்று வாக்கியம் சொல்லவே இல்லை. ‘டோன்ட் வாண்டர் ஆஃப் த டாபிக்’ என்றோ ‘டோன்ட் டைக்ரஸ்’ என்றோ சொன்னால் சரியாகிவிடும்.

ஆனால் ஒரு இடத்தில் இந்தச் சொல் தன்வினையாகவும் நடமாடுகிறது. விமானத் துறை. ‘த ஃப்ளைட் டைவர்ட்டட் டு பெங்களூரு’ என்று எழுதினால் தவறே இல்லை, ‘த பைலட் டிசைடட் டு டைவர்ட்’ என்பதும் அந்தத் துறையில் அன்றாடப் பேச்சு. செயப்பாட்டு வினையில் ‘வாஸ் டைவர்ட்டட்’ என்றாலும் சரிதான். 

கூடவே வருகிற சின்னச் சொற்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். எதிலிருந்து என்பதற்கு ‘ஃப்ரம்’, எங்கே என்பதற்கு ‘டு’. சுரங்கம், கால்வாய், கணக்கு என்று ஒன்றுக்குள் போனால் ‘இன்டு’. வேறு சாலையில் ஏற்றிவிட்டால் ‘ஆன்டு’. ஒரு ஊர் வழியாக என்றால் ‘வியா’ அல்லது ‘த்ரூ’. கவனத்தைத் திருப்பும்போது ‘அவே ஃப்ரம்’ என்று இரண்டையும் சேர்த்துப் போடுவது நன்றாக ஒலிக்கும். ஃப்ரம், டு இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தாலும் தடையில்லை: ‘தே டைவர்ட்டட் வாட்டர் ஃப்ரம் த ரிவர் டு த ஃபீல்ட்ஸ்’. நம் வேற்றுமை உருபுபோல நினைத்துக்கொண்டால் போதும், ஆற்றிலிருந்து, வயலுக்கு.

நான்காம் படி: சொல் புழங்குகிற இடங்களுக்குப் போய்ப் பாருங்கள்

இங்கேதான் கொஞ்சம் நின்று நிதானமாகப் போக வேண்டும். ஒரு சொல்லைப் பட்டியலாகப் படித்தால் மறந்துவிடும், அது வேலை செய்கிற இடத்தில் பார்த்தால் நிற்கும்.

சாலையிலிருந்து தொடங்குவோம். இந்தியாவிலும் பிரிட்டனிலும் மாற்றுப்பாதைப் பலகையில் ‘டைவர்ஷன்’ என்று இருக்கும். பிரிட்டனில் மஞ்சள் பின்னணியில் கறுப்புச் சதுரம், முக்கோணம், வட்டம் என்று ஏதாவது ஒரு குறியும் போடுவார்கள், அந்தக் குறியைப் பின்தொடர்ந்தே போனால் பழைய சாலையில் கொண்டுபோய் விட்டுவிடும். அமெரிக்காவில் அதே பலகையில் ‘டீட்டூர்’ என்று இருக்கும். இரண்டுக்கும் ஒரு நுண்ணிய வேறுபாடு உண்டு. டைவர்ஷன் பெரும்பாலும் மேலிருந்து வருவது, சாலையை மூடிவிட்டு உங்களைத் திருப்பிவிடுகிறார்கள். டீட்டூர் நீங்களாகவும் எடுக்கலாம். மதுரைக்குப் போகிற வழியில் ஒரு நண்பரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வண்டியைத் திருப்பினால் ‘வி டுக் எ டீட்டூர்’ என்றுதான் சொல்வார்கள், அங்கே டைவர்ஷன் ஒட்டாது.

ரயிலில் இந்தச் சொல்லுக்கு ஒரு நிலையான தொடரே இருக்கிறது. தண்டவாளப் பராமரிப்பு நடக்கும்போது தெற்கு ரயில்வே விடுகிற அறிவிப்புகளைப் பாருங்கள், ‘வில் பி டைவர்ட்டட் டு ரன் வியா’ என்று எழுதி, விருதுநகர், மானாமதுரை, காரைக்குடி என்று ஊர்ப் பெயர்களை அடுக்குவார்கள், எந்தெந்த நிலையத்தில் நிற்காது என்பதும் கூடவே வரும். பக்கத்திலேயே ‘பார்ஷியலி கேன்சல்ட்’ என்று இன்னொரு தொடர் இருக்கும். முதலாவது என்றால் வண்டி போய்ச் சேரும், வழி வேறு. இரண்டாவது என்றால் பயணத்தின் ஒரு பகுதிக்கு வண்டியே கிடையாது. உங்கள் ஊர் நிறுத்தம் விட்டுப்போன பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்காமல் ‘டைவர்ட்டட் தானே, வந்துவிடும்’ என்று நடைமேடையில் உட்கார்ந்திருக்கக் கூடாது. இந்த ஒரு வரியைச் சரியாகப் படிக்கத் தெரிந்தால் அலைச்சல் எவ்வளவோ மிச்சம்.

விமானத்தில் இது இன்னும் கனமான சொல். புறப்படும் முன்பே, போகிற ஊரில் இறங்க முடியாவிட்டால் எந்த ஊரில் இறங்குவது என்று திட்டத்தில் எழுதி, அங்கே போகவும் சேர்த்துத்தான் எரிபொருள் நிரப்புகிறார்கள். அந்த மாற்று விமான நிலையத்துக்கு ‘ஆல்டர்னேட்’ என்று பெயர், அங்கே போய் இறங்கும் செயலுக்கு ‘டைவர்ஷன்’ என்று பெயர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலையத்தின் ஓடுபாதையில் தண்ணீர் தேங்கியபோது இங்கே வர வேண்டிய பல விமானங்களைப் பெங்களூருவுக்கு டைவர்ட் செய்தார்கள். உலக அளவில் மறக்க முடியாத ஒன்று 2001 செப்டம்பர் 11. அமெரிக்கா தன் வான்வெளியை மூடியதும், அட்லாண்டிக் கடலுக்கு மேலே வந்துகொண்டிருந்த பயணிகள் விமானங்களில் 38, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில் கேண்டர் என்ற சின்ன ஊருக்குத் திருப்பிவிடப்பட்டன. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் திடீரென்று வந்து இறங்க, அந்த ஊர்க்காரர்கள் பள்ளிக்கூடங்களிலும் வீடுகளிலும் அவர்களைத் தங்கவைத்துச் சாப்பாடு போட்டார்கள். அந்த நாளைப் பற்றி ஆங்கிலத்தில் எதைப் படித்தாலும் ‘டைவர்ட்டட் டு கேண்டர்’ என்ற தொடர் கண்ணில் படும். இந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவதும் அந்த ஊர்தான்.

அடுத்தது நீர், சொல்லின் சொந்த வீடு. அணை கட்டுவதற்கு முன்னால் ஆற்றை வேறு பக்கம் அனுப்ப வேண்டும், ஓடுகிற தண்ணீருக்கு நடுவே அடித்தளம் போட முடியாது. அமெரிக்காவில் கொலராடோ ஆற்றின் குறுக்கே ஹூவர் அணையைக் கட்டும்போது மலைப்பாறையைக் குடைந்து நான்கு சுரங்கம் போட்டு, 1932 நவம்பரில் ஆற்றை அவற்றுக்குள் திருப்பிவிட்டார்கள். அந்தச் சுரங்கங்களுக்கு ‘டைவர்ஷன் டனல்’ என்று பெயர். நம் பக்கத்தில் முல்லைப் பெரியாறு இருக்கிறது. மேற்கே ஓடி அரபிக் கடலில் கலக்கிற பெரியாற்று நீரை அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே வைகைப் படுகைக்குக் கொண்டுவந்தார்கள், பென்னிகுவிக் பொறுப்பில் நடந்த வேலை, 1895-இல் முடிந்தது. ஒரு நதி நீரை இன்னொரு நதியின் படுகைக்குத் திருப்புவதற்குப் பொறியாளர்கள் டைவர்ஷன் என்றுதான் சொல்வார்கள். ‘த வாட்டர் இஸ் டைவர்ட்டட் ஈஸ்ட்வர்ட் இன்டு த வைகை பேசின்’ என்று சொல்லிப் பாருங்கள், எதை, எங்கே என்பது தெளிவாக விழும்.

சிகாகோவிலும் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. சிகாகோ ஆறு மிச்சிகன் ஏரிக்குள் விழுந்துகொண்டிருந்தது, ஊரின் கழிவும் கூடவே ஏரிக்குப் போனது, குடிதண்ணீரும் அதே ஏரியிலிருந்துதான். 1900-இல் ஒரு கால்வாயைத் திறந்து ஆற்றின் ஓட்டத்தையே எதிர்ப்பக்கம் மாற்றிவிட்டார்கள். ஏரித் தண்ணீர் இப்படி மிசிசிப்பி பக்கம் போக ஆரம்பித்ததும் ஏரிக்கரையில் இருந்த மற்ற மாநிலங்கள் வழக்குப் போட்டன, கடைசியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967-இல் நொடிக்கு 3,200 கன அடி என்று வரம்பு வைத்தது. மொழியைக் கவனியுங்கள். ஆற்றுக்கு ‘ரிவர்ஸ்’ என்று சொல்கிறார்கள், ஏனென்றால் அது நேர் எதிராகத் திரும்பியது. ஏரித் தண்ணீருக்கு ‘டைவர்ட்’ என்கிறார்கள், ஏனென்றால் அது வேறு படுகைக்குப் போனது. ஒரே கால்வாய், இரண்டு வினைச்சொல்.

பணத்துக்கு வந்தால் சொல்லில் ஒரு கறை ஏறுகிறது. சாலையைத் திருப்புவதில் குற்றம் ஒன்றுமில்லை, பணத்தைத் திருப்பினால் பெரும்பாலும் குற்றச்சாட்டுதான். இந்திய ரிசர்வ் வங்கியின் விதிகளில் ‘டைவர்ஷன் ஆஃப் ஃபண்ட்ஸ்’ என்றும் ‘சைஃபனிங் ஆஃப் ஃபண்ட்ஸ்’ என்றும் இரண்டு தனித்தனித் தொடர்கள் இருக்கின்றன. வாங்கிய கடனைச் சொன்ன காரியத்துக்குச் செலவழிக்காமல் வேறு காரியத்தில் போடுவது முதலாவது, உதாரணமாக அன்றாட நடைமுறைச் செலவுக்கு வாங்கிய குறுகிய காலக் கடனை எடுத்து நீண்ட காலச் சொத்து வாங்குவது. கடன் பணம் தொழிலுக்கே சம்பந்தமில்லாமல் உறிஞ்சப்பட்டு வெளியே போவது இரண்டாவது. வங்கிச் செய்திகளை மொழிபெயர்ப்பவர்கள் இரண்டையும் ‘முறைகேடு’ என்று ஒரே குவளையில் ஊற்றிவிடுகிறார்கள். மடைமாற்றம், உறிஞ்சியெடுத்தல் என்று பிரித்து எழுதினால் வாசகருக்கு உண்மை தெரியும். அமெரிக்காவில் 1986-இல் வெடித்த ஈரான் காண்ட்ரா விவகாரத்திலும் இதுதான் மையச் சொல். ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற பணத்தில் ஒரு பகுதியை நிகரகுவாவின் காண்ட்ரா கிளர்ச்சியாளர்களுக்குத் திருப்பிவிட்டார்கள், அந்தச் செயலை அமெரிக்கப் பத்திரிகைகள் வெறுமனே ‘த டைவர்ஷன்’ என்றே குறிப்பிட்டன.

இன்னும் சில இடங்கள், சுருக்கமாக. அவசர சிகிச்சைப் பிரிவு நிரம்பிவிட்டதால் ஆம்புலன்ஸ்களை வேறு மருத்துவமனைக்கு அனுப்பச் சொன்னால், அமெரிக்காவில் அந்த மருத்துவமனை ‘ஆன் டைவர்ஷன்’ என்பார்கள். சிறு குற்றம் செய்த இளைஞரை நீதிமன்றத் தண்டனைப் பாதையிலிருந்து விலக்கி ஆலோசனைக்கும் பயிற்சிக்கும் அனுப்பும் ஏற்பாட்டுக்கு ‘டைவர்ஷன் புரோகிராம்’ என்று பெயர், இங்கே சொல் முழுக்க நல்ல நிறத்தில் வருகிறது. மருந்துச் சீட்டோடு விற்க வேண்டிய வலிநிவாரணி கள்ளத்தனமாக வெளியே போனால் ‘டிரக் டைவர்ஷன்’. குப்பையைக் கிடங்கில் கொட்டாமல் உரமாகவும் மறுசுழற்சிக்கும் அனுப்பினால் ‘டைவர்ட்டட் ஃப்ரம் லேண்ட்ஃபில்’. போனில் வருகிற அழைப்பை இன்னொரு எண்ணுக்கு அனுப்புவதைப் பழைய நோக்கியா போன்களில் ‘கால் டைவர்ட்’ என்று பார்த்திருப்பீர்கள், இப்போது ‘கால் ஃபார்வர்டிங்’ என்று பெயர் மாறிவிட்டது.

ஐந்தாம் படி: கவனத்தைத் திருப்புவது

தமிழர் எழுதும் ஆங்கிலத்தில் அதிகம் அடிபடுவது இந்த இடம்தான். சத்தம் கேட்டுப் படிப்பில் கவனம் சிதறியது என்றால் ‘டிஸ்ட்ராக்ட்’. ‘த நாய்ஸ் டிஸ்ட்ராக்டட் மீ’. இங்கே ஆளையே செயப்படுபொருளாக வைக்கலாம், என்னை, அவளை, ஓட்டுநரை. சத்தத்துக்கு நோக்கம் எதுவும் இல்லை என்பதையும் பாருங்கள்.

டைவர்ட் வந்தால் கவனம், பழி, சந்தேகம் போன்ற ஒன்றைச் செயப்படுபொருளாக வைப்பதுதான் வழக்கம். ‘ஹி ட்ரைட் டு டைவர்ட் அட்டென்ஷன் ஃப்ரம் த ஸ்கேண்டல்’. பெரும்பாலும் பின்னால் ஒரு நோக்கமும் இருக்கும். தமிழில் ‘பிரச்சினையைத் திசைதிருப்புகிறார்கள்’ என்று சொல்கிறோமே, அந்தத் திசைதிருப்பல் இதுதான். போர்ப் பேச்சில் ‘டைவர்ஷனரி அட்டாக்’ என்பார்கள், ஒரு பக்கம் போக்குக் காட்டி எதிரியை இழுத்துவிட்டு உண்மையான தாக்குதலை வேறு பக்கம் நடத்துவது. ‘கிரியேட் எ டைவர்ஷன்’ என்பதும் அதே, காவலாளியைப் பேச்சுக் கொடுத்து ஒருவன் நிறுத்திவைக்க இன்னொருவன் உள்ளே நுழைகிறானே, அந்தப் பேச்சுக்குத்தான் அந்தப் பெயர்.

அப்படியானால் ‘ஐ வாஸ் டைவர்ட்டட்’ என்று ஆளை வைத்து எழுதினால் என்ன பொருள் தரும்? அதற்குத்தான் அடுத்த படி. கொஞ்சம் ஆச்சரியமாக இருக்கும்.

ஆறாம் படி: பராக்கு

ஆளைச் செயப்படுபொருளாக வைத்தால் ‘மகிழ்வித்தது, பொழுதுபோக்காக இருந்தது’ என்ற பொருள் எழுந்துவிடும். ‘த ஸ்டோரி டைவர்ட்டட் த சில்ட்ரன்’ என்றால் கதை பிள்ளைகளை மகிழ்வித்தது. ‘எ டைவர்ட்டிங் ஈவினிங்’ என்றால் இனிமையாகக் கழிந்த மாலை. தேர்வு நேரத்தில் பக்கத்து வீட்டில் கொட்டடித்தார்கள், அதனால் ‘ஐ வாஸ் டைவர்ட்டட்’ என்று எழுதினால் படிக்கிறவர் நீங்கள் கொட்டுச் சத்தத்தை ரசித்துக் கேட்டீர்கள் என்று நினைத்துவிடலாம்.

திருப்புவதற்கும் மகிழ்விப்பதற்கும் என்ன தொடர்பு என்று அகராதியைப் பார்த்துக் குழம்பியவர்கள் நிறைய. எனக்கும் நெடுநாள் அது இரண்டு தனிச் சொல்போலத்தான் இருந்தது. முடிச்சை அவிழ்த்தது ஒரு தமிழ்ச் சொல். குழந்தை சோறு வேண்டாம் என்று முகத்தைத் திருப்புகிறது. இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து காக்காயைக் காட்டி, நாயைக் காட்டி, பராக்குக் காட்டிக்கொண்டே ஒவ்வொரு உருண்டையாக ஊட்டுகிறோம். பராக்கு என்ற அந்தச் சொல்லில் கவனம் திரும்புவதும் இருக்கிறது, வேடிக்கையும் இருக்கிறது, இரண்டையும் பிரிக்கவே முடியாது. டைவர்ட் என்ற சொல்லுக்குள் நடந்ததும் இதேதான். கவலையிலிருந்தும் வேலையிலிருந்தும் மனதைத் திருப்புவது என்பதிலிருந்து மகிழ்விப்பது என்ற பொருள் 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் வேரூன்றியது.

மற்ற சில ஐரோப்பிய மொழிகளில் இந்தப் பொருள்தான் முன்னால் நிற்கிறது. ஸ்பானிய மொழியில் ‘டிவெர்தீதோ’ என்றால் ஜாலியானது, வேடிக்கையானது. மேற்கத்திய இசையில் ‘டிவெர்டிமென்டோ’ என்று ஒரு வடிவம் உண்டு, விருந்துகளிலும் கூடல்களிலும் இலகுவாகக் கேட்பதற்கான இசை, மொசார்ட் நிறைய எழுதியிருக்கிறார். இன்றைய ஆங்கிலத்தில் இந்தப் பொருள் கொஞ்சம் பழைய மணம் கொண்டது. பேச்சில் ‘என்டர்டெயினிங்’ என்று சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் பழைய நாவல்களைப் படிக்கிறவருக்கு இது தெரியாவிட்டால் பக்கத்துக்குப் பக்கம் இடறும்.

ஏழாம் படி: சொந்தக்காரர்களை அடையாளம் காணுங்கள்

‘டிஃப்ளெக்ட்’ என்றால் ஒன்றில் பட்டு விலகுவது. பந்து தடுப்பாட்டக்காரரின் காலில் பட்டுத் திசை மாறிக் கோலுக்குள் போனால் ‘த பால் டிஃப்ளெக்டட்’. மோதல் இருக்கிறது, புதுப் பாதை யாரும் போட்டுவைத்தது கிடையாது. 2022 செப்டம்பரில் நாசா ஒரு விண்கலத்தை டைமார்ஃபஸ் என்ற சிறுகோளின்மேல் மோதவிட்டு, அது தன்னைவிடப் பெரிய துணைச் சிறுகோளைச் சுற்றிவரும் நேரத்தை 30 நிமிடத்துக்கும் மேல் குறைத்தது. இந்த மாதிரி வேலைக்கு விஞ்ஞானிகள் ‘ஆஸ்டராய்ட் டிஃப்ளெக்ஷன்’ என்கிறார்கள். கேள்வியைத் தன்மேல் படாமல் தட்டிவிடுகிற அரசியல்வாதிக்கும் இதே சொல்தான்.

‘அவர்ட்’ எழுத்தில் மிக நெருக்கம், பொருளில் தூரம். வரவிருந்த கேட்டை வராமல் தடுப்பது. ‘எ மேஜர் ஆக்சிடென்ட் வாஸ் அவர்ட்டட்’ என்பதுதான் ‘பெரும் விபத்து தவிர்க்கப்பட்டது’. பார்க்கக் கூச்சமாகவோ கஷ்டமாகவோ இருந்து கண்ணை வேறு பக்கம் திருப்பினாலும் ‘அவர்ட்டட் ஹெர் ஐஸ்’ என்பார்கள்.

‘டீவியேட்’ சுத்தமான தன்வினை, திட்டத்திலிருந்தோ விதியிலிருந்தோ தானே விலகுவது. ‘டைக்ரஸ்’ பேச்சுக்கும் எழுத்துக்கும் மட்டும். ‘ஸ்வர்வ்’ என்றால் குறுக்கே ஆடு வந்ததும் சட்டென்று வண்டியை ஒடிக்கிறோமே அது, ‘வியர்’ என்றால் போகிற போக்கை விட்டு ஒரு பக்கம் திரும்பிப் போவது. ‘டைவர்ஜ்’ ஒரே குடும்பம்போலத் தெரியும், ஆனால் வேர் வேறு. இரண்டு பாதையோ இரண்டு கருத்தோ ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்துபோவதற்கு அதைப் பயன்படுத்துகிறோம், திருப்புகிறவர் என்று யாரும் அதில் இல்லை.

எட்டாம் படி: ஒரே வேரில் கிளைத்தவை

இதை விரும்பினால் மட்டும் படியுங்கள், எனக்குப் பிடித்த பகுதி. ‘வெர்ட்டெரே’ என்ற அதே வேரிலிருந்து ‘கன்வர்ட்’ வந்தது, முழுதாகத் திருப்புவது. ‘ரிவர்ட்’ பழைய நிலைக்குத் திரும்புவது. ‘அட்வர்டைஸ்’ ஒன்றன் பக்கம் உங்கள் முகத்தைத் திருப்ப வைப்பது. ‘டைவர்ஸ்’ வெவ்வேறு பக்கம் திரும்பியவை, அதனால் பலவகை. ‘டிவோர்ஸ்’ என்ற மணமுறிவுச் சொல்லும் இதே வீட்டுப் பிள்ளைதான், ஆளுக்கொரு வழியில் திரும்பிப் போவது. பெருங்குடல் சுவரில் பை போலப் பிதுங்கி நிற்கும் இடத்துக்கு மருத்துவர்கள் ‘டைவர்டிகுலம்’ என்று சொல்வார்கள், லத்தீனில் அதற்குப் பொருள் பிரதான வழியிலிருந்து பிரிகிற கிளைப்பாதை.

ஒன்பதாம் படி: கையில் எழுதிப் பாருங்கள்

கீழே இருப்பவற்றைப் பதிலைப் பார்க்காமல் நீங்களே முயன்றுவிட்டு அப்புறம் படியுங்கள்.

‘ரேஷன் அரிசியை வெளிச்சந்தைக்குக் கடத்திவிட்டார்கள்.’ அரிசிக்குப் போகவேண்டிய இடம் ஒன்று இருந்தது, வேறு இடத்துக்குப் போனது. ‘ரேஷன் ரைஸ் வாஸ் டைவர்ட்டட் டு த ஓபன் மார்க்கெட்’. அரசு அறிக்கைகளிலும் இதே சொல்தான்.

‘பேசிக்கொண்டே வந்தவர் எங்கேயோ போய்விட்டார்.’ டைக்ரஸ், டைவர்ட் வராது.

‘ஓட்டுநரின் சாமர்த்தியத்தால் விபத்து தவிர்ந்தது.’ அவர்ட்.

‘ஊர்வலம் போவதற்காகப் பேருந்துகளைப் புறவழிச்சாலையில் விட்டார்கள்.’ ‘பஸ்ஸஸ் வேர் டைவர்ட்டட் ஆன்டு த பைபாஸ்’. ‘டு’ போட்டாலும் புரியும், ‘ஆன்டு’ இன்னும் பொருத்தம்.

‘போன் சத்தத்தில் என் கவனம் சிதறிவிட்டது.’ டிஸ்ட்ராக்ட்.

கடைசியாக ஒன்று: ‘ஊசி போடும்போது பாட்டி பொம்மையைக் காட்டி அவன் கவனத்தை இழுத்துக்கொண்டாள்.’ ‘ஹிஸ் கிராண்ட்மதர் டைவர்ட்டட் ஹிம் வித் எ டாய்’. இங்கே ஆளையே செயப்படுபொருளாக வைத்திருக்கிறோம், வைக்கலாம். பாட்டி வேண்டுமென்றேதான் திருப்பினாள், பையனும் பொம்மையைப் பார்த்துச் சிரித்தான், இரண்டு பொருளும் ஒரே சொல்லில் சேர்ந்துவிட்டன. எப்படி இழுத்தாள் என்பதைச் சொல்ல ‘வித்’ போட்டிருப்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், பராக்குக் காட்டுகிற பொருள் பெரும்பாலும் ‘வித்’துக்குப் பின்னால் வரும்.